வண்டி மூலை: மிஸ்ஸிங்கும் வெளுத்துப்போன பெயிண்டும்

கேள்வி: அண்ணே, 2003 மாடல் பிக்கப் வச்சிருக்கேன், ஆறு சிலிண்டர் பெட்ரோல், ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனி காயில் (பொறிக்கு கரண்ட் குடுக்குறது). ஒரு மாசமா மிஸ்ஸிங் அடிக்குது, சரியா எரியாம விட்டு விட்டு ஓடுது. ஸ்கேனர் போட்டா பி0303னு கோளாறு கோடு (code) வருது. ஆறு பிளக்கும் புதுசு போட்டேன், போகல. இப்போ ஆறு காயிலையும் மாத்துன்னு சொல்றாங்க. மாத்திடவா?

பதில்: பொறுங்க தம்பி. பி0303ல கடைசில இருக்குற 3, மூணாவது சிலிண்டர் சரியா எரியலன்னு சொல்லுது, அவ்ளோதான். ஏன் எரியலன்னு அது சொல்லல, காயில் போச்சுன்னு அதுல எங்கயும் எழுதி இல்ல. பி0300னு வந்திருந்தா கதை வேற, அது குறிப்பா ஒரு சிலிண்டர்னு இல்லாம அங்கங்க விடுதுன்னு அர்த்தம், அப்போ பெட்ரோல் பிரஷர், காத்து லீக்னு எல்லா சிலிண்டருக்கும் பொதுவான இடத்துல தேடணும்.

மொதல்ல, மூணாவது சிலிண்டர் எதுன்னு மேனுவல்ல பாத்தீங்களா? நம்பர் போடுற வரிசை கம்பெனிக்கு கம்பெனி மாறும், நான் ஒரு தடவ அரை நாள் முழுக்க தப்பான சிலிண்டர்ல மல்லுக்கட்டிட்டு அப்புறம்தான் புஸ்தகத்தயே திறந்தேன், அதனாலதான் கேக்குறேன்.

இடம் தெரிஞ்சதும் செலவே இல்லாத ஒரு வேலை பண்ணுங்க. மூணாவது காயில கழட்டி அஞ்சாவதுல போடுங்க, அஞ்சாவத மூணுல போடுங்க, ஸ்கேனர்ல அந்த பி0303 கோட அழிச்சுட்டு ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து மறுபடி ஸ்கேன் பண்ணுங்க. பி0305னு வந்துச்சா, அந்த ஒரு காயில்தான் குத்தவாளி, மத்த அஞ்சும் நிரபராதி. இன்னும் 0303ன்னே நின்னா காயில விட்டுடுங்க, அதே மாதிரி பிளக்க இடம் மாத்துங்க. புதுசுதானேன்னு விட்டுடாதீங்க, போடும்போது கீழ விழுந்து பீங்கான் லேசா கீறல் விட்டிருந்தாலும் கரண்ட் அந்த வழியா ஓடிடும்.

பிளக்க கழட்டும்போது அது மூஞ்சிய ஒரு தடவ பாருங்க. இளம் பழுப்பா இருந்தா அந்த சிலிண்டர் ஒழுங்கா எரியுது. காஞ்ச கரி அப்பியிருந்தா பெட்ரோல் அதிகம், பெட்ரோல் வாடையோட நனைஞ்சிருந்தா பெட்ரோல் வருது ஆனா எரியல, எண்ணெய் பிசுபிசுப்பு நுனில இருந்தா உள்ளேருந்து ஆயில் ஏறுது. பிளக் உக்கார்ற குழில ஆயில் தேங்கி நின்னா பயப்படாதீங்க, மேல இருக்குற வால்வ் கவர் கேஸ்கட் கசியுது, கேஸ்கட்ட மாத்தி குழிய சுத்தம் பண்ணாம புது காயில் போட்டா அதோட ரப்பரும் ஊறி கெட்டுப்போகும்.

எப்ப மிஸ் அடிக்குதுன்னு நீங்க எழுதவே இல்லயே! ஸ்லோ ஸ்பீடுல மட்டும் உதறிட்டு ஆக்ஸிலேட்டர் குடுத்தா சரியாயிடுதுன்னா காத்து லீக்க தேடுங்க, இன்ஜினுக்குள்ள காத்து போற மேனிஃபோல்டு பக்கம் வெடிச்ச ஹோஸ் எதாவது உஸ்ஸுன்னு கத்தும். மேடு ஏறும்போது, லோடு ஏத்தும்போது மட்டும்னா ஸ்பார்க் பக்கம் சந்தேகப்படணும், ஏன்னா உள்ள அழுத்தம் ஏற ஏற பொறி பாயுறதுக்கு வோல்டேஜும் அதிகம் வேணும், வலுவில்லாத காயில் அங்கதான் கைய விரிக்கும்.

இதெல்லாம் சரியா இருந்தா பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர், அதுக்கும் அப்புறம்தான் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள ஏறுற அழுத்தம். மூணாவதுல மட்டும் கம்ப்ரஷன் கம்மியா இருந்தா ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில பிளக் ஓட்டைல விட்டு மறுபடி அளந்து பாருங்க, நல்லா ஏறுனா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு இல்ல ஹெட் கேஸ்கட்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடுறேன், செக் இன்ஜின் லைட் சும்மா எரியாம மினுக் மினுக்னு மின்னுச்சுன்னா ஓட்டாதீங்க. எரியாத பெட்ரோல் சைலன்சருக்கு முன்னாடி இருக்குற, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும், உள்ள இருக்குற தேன்கூடு சூட்டுல உருகி அடைச்சுக்கும். ஒரு காயில்ல முடியவேண்டிய செலவு எங்கயோ போயிடும்.

கேள்வி: அப்பா ஓட்டுன 1986 பிக்கப், செவப்பு. பானட்டும் கூரையும் வெளுத்து ரோஸ் கலராயிடுச்சு, தொட்டா கைல சுண்ணாம்பு மாதிரி ஒட்டுது. பெயிண்ட சுரண்டி புதுசா அடிக்கணுமா? எனக்கு மனசு வரல.

பதில்: அடிக்க வேண்டாம்மா, இப்போதைக்கு. வெள்ளத் துணில கொஞ்சம் பாலிஷ் தொட்டு கண்ணுல படாத ஒரு மூலைல தேச்சுப் பாருங்க. துணி செவந்துச்சுன்னா உங்களுக்கு நல்ல காலம், அது கிளியர் கோட் (கலருக்கு மேல அடிக்குற நிறமில்லாத பூச்சு) இல்லாத பழைய பெயிண்ட், மேல்தோல் மட்டும் வெயில்ல செத்திருக்கு, அடில உங்க அப்பா பாத்த அதே செவப்பு இன்னும் இருக்க வாய்ப்பிருக்கு.

நல்லா கழுவி, கிளே (களிமண் மாதிரி கட்டி) போட்டு ஒட்டியிருக்குற தூசிய எடுத்துட்டு, நிழல்ல, பானட் ஆறுன பிறகு ஆரம்பிங்க. மொத்த பானட்லயும் இறங்கிடாதீங்க, ரெண்டு சாண் சதுரத்துக்கு டேப் ஒட்டி அதுல மட்டும், மொதல்ல ரொம்ப மென்மையான பாலிஷ் சாஃப்ட் பேடோட, அது போதலன்னா மட்டும் அதவிட கரகரப்பான காம்பவுண்ட். மிஷின் வாங்குறதுன்னா சுத்திக்கிட்டே ஆடவும் செய்யுற டுயல் ஆக்ஷன் வாங்குங்க, சும்மா சுத்த மட்டும் செய்யுற ரோட்டரி வேகமா வேலை செய்யும், அதே வேகத்துல பெயிண்டயும் எரிச்சுடும். ஓரம், மடிப்பு, முனைல எல்லாம் பெயிண்ட் மெல்லிசா இருக்கும், மிஷின் ஓடும்போது அங்கல்லாம் டேப் ஒட்டிட்டு, அப்புறமா டேப்ப எடுத்துட்டு கையாலயே தேய்ங்க. பேடு செவப்பா ஆகும், பதறாதீங்க, ஆனா அடிக்கடி சுத்தம் பண்ணுங்க. நடுவுல சாம்பல் கலரோ வேற கலரோ தெரிஞ்சா அந்த இடத்தோட நிறுத்திடுங்க, அடிப்பூச்சு பிரைமர் வந்துடுச்சு. முடிச்சதும் வாக்ஸ் போட்டே ஆகணும், இல்லன்னா மறுபடி வெளுக்கும்.

துணில கலரே வரலன்னா மேல கிளியர் கோட் இருக்கு. மங்கல், சுருள் கீறல்னா பாலிஷ் கேக்கும், ஆனா கிளியர் மொத்தமே சாதாரணமா 50 மைக்ரான் கிட்டதான் இருக்கும், தலமுடியவிட மெல்லிசு, ஒவ்வொரு தடவ தேய்க்கும்போதும் அதுலருந்துதான் போகுது. வெள்ள வெள்ளயா தோல் உரியுற இடத்துல எந்த பாலிஷும் எடுபடாது, கூரைக்கு மட்டும் பெயிண்டர்கிட்ட போங்க.

கேள்வி: பாலிஷ் போடுறதுக்கு முன்னாடி இன்ஜினயும் பிரஷர் வாஷ் பண்ணேன், இப்போ வண்டி மிஸ் அடிக்குது. என்னய்யா இது?

பதில்: ரெண்டு வேலையையும் ஒரே நாள்ல முடிச்சுட்டீங்க! பிளக் குழிலயும் கனெக்டர்லயும் தண்ணி நிக்குது. ஆறுன இன்ஜின்ல காயிலக் கழட்டி, பிளக்கக் கழட்டாம, குழிலருக்குற தண்ணிய கம்ப்ரஸர் காத்தால ஊதி எடுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு அனுப்புறது) வச்ச வண்டின்னா அதோட கேப்பக் கழட்டி உள்பக்கம் தொடச்சுட்டு, முடி மாதிரி கருப்பு கோடு எதாவது ஓடுதான்னு வெளிச்சத்துல பாருங்க. கோடு இருந்தா எவ்ளோ காயவச்சாலும் கரண்ட் அது வழியாத்தான் ஓடும், கேப்ப மாத்திடுங்க. கோடு இல்லன்னா அரை நாள் பானட்ட திறந்து வச்சு காயவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.