பல் பிடுங்கிய மூன்றாம் நாளில் வலி கூடினால்

கேள்வி: கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் ஒன்று முழுவதும் சொத்தையாகிவிட்டதால் மூன்று நாள்களுக்கு முன் அதைப் பிடுங்கிக்கொண்டேன். முதல் இரண்டு நாள்கள் வலி குறைந்துகொண்டே வந்தது. நேற்றிரவு முதல் மறுபடியும் கடுமையாக வலிக்கிறது, காதுவரை இழுக்கிறது. பல் இருந்த குழியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. சீழ் பிடித்துவிட்டதா? வீட்டில் முன்பு மீதமான ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இருக்கின்றன, அவற்றைச் சாப்பிடலாமா? பக்கத்துப் பல்லும் குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. அதையும் எடுத்துவிடுவது நல்லதா?

பதில்: பல் பிடுங்கிய பிறகு வலி எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, அது நாளுக்கு நாள் இறங்குகிறதா ஏறுகிறதா என்பதையே நாங்கள் முதலில் கேட்போம். வீக்கம் இரண்டு மூன்று நாள்கள்வரை கூடிப் பிறகு வடிவது இயல்பு. வலியோ முதல் நாளுக்குப் பின் சிறிது சிறிதாகக் குறைய வேண்டும். குறைந்து வந்த வலி இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் திடீரென்று திரும்பி, காதுக்கும் கன்னப்பொறிக்கும் பரவி, வழக்கமான மாத்திரைக்கும் அடங்காமல் இருந்தால், ‘ட்ரை சாக்கெட்’ எனப்படும் உலர்குழி நிலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் விவரங்கள் அதனோடு பொருந்துகின்றன. ஆகவே நாளைவரை பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்காமல், இன்றே உங்கள் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல்லை எடுத்தவுடன் அந்தக் குழியில் இரத்தம் நிரம்பி உறைகிறது. பார்க்க அருவருப்பாக இருக்கும் அந்த உறைவுதான் அடியிலுள்ள எலும்பையும் நரம்பு நுனிகளையும் மூடிக் காக்கிறது. புதிய திசு வளர்வதற்கான தளமும் அதுவே. அது இடம்பெயர்ந்தாலோ, காலத்துக்கு முன்பே கரைந்துவிட்டாலோ, எலும்பு திறந்த நிலையில் காற்றுக்கும் உணவுத் துணுக்குகளுக்கும் ஆட்படுகிறது. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில், குறிப்பாக ஞானப்பல்லில், இது அதிகம் நேர்கிறது. புகைப்பவர்களுக்கும், கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்ளும் பெண்களுக்கும், பல்லை எடுப்பதற்கு நெடுநேரம் போராட வேண்டியிருந்தவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல். எனவே இது நேர்ந்துவிட்டது என்பதாலேயே நீங்கள் ஏதோ கவனக்குறைவாக இருந்துவிட்டீர்கள் என்றோ, மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்றோ கொள்ள வேண்டியதில்லை.

குழியில் தெரியும் வெள்ளைப் படலத்தைக் கண்டு பயந்து, பஞ்சாலோ குச்சியாலோ சுரண்டி எடுப்பவர்கள் பலர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆறும் புண்ணின் மேல் படியும் வெண்மஞ்சள் படலம் பெரும்பாலும் சீழ் அன்று, குணமாவதன் அடையாளம். சீழ் என்றால் கசியும், அழுத்தினால் வெளிவரும், கெட்ட சுவையோடு வீக்கமும் காய்ச்சலும் சேரும். உலர்குழியிலோ, படலமே இல்லாமல் வெறுமையான குழியும், சில வேளைகளில் வெளிறிய எலும்பும் தெரியும். வாய் நாற்றமும் இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் கண்ணாடி முன் நின்று நீங்களே தீர்மானிப்பது கடினம் என்பதாலும் நேரில் காட்டச் சொல்கிறேன்.

மீதமான ஆன்டிபயாடிக் மாத்திரைகளைத் தொட வேண்டாம். உலர்குழி அடிப்படையில் கிருமித் தொற்று அன்று; அந்த மாத்திரை வலியைக் குறைக்காது. பல்வலி என்றவுடன் ஆன்டிபயாடிக்கைத் தேடுவது நோயாளிகளிடம் மட்டுமன்றி, எழுதிக் கொடுக்கும் எங்களில் சிலரிடமும் ஊறிப்போன பழக்கம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மருத்துவர் செய்யப்போவது எளிய சிகிச்சை: குழியை உப்பு நீர்மத்தால் மெதுவாகக் கழுவி, வலியை அடக்கும் மருந்திட்ட பஞ்சையோ பசையையோ உள்ளே வைப்பார். பலருக்குச் சில மணி நேரத்திலேயே ஆறுதல் கிடைக்கும். சிலருக்கு அதை இரண்டொரு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

அதுவரை வலிக்கு, வயிற்றுப் புண், சிறுநீரக நோய், ஆஸ்துமா, கர்ப்பம் போன்ற தடைகள் இல்லாத பெரியவர்கள் ஐபுபுரூஃபனும் பாராசிட்டமாலும் எடுத்துக்கொள்ளலாம். பாராசிட்டமால் எந்த வடிவிலும் ஒரு நாளில் மொத்தம் 4 கிராமைத் தாண்டக் கூடாது. வலிக்காக ஆஸ்பிரின் வேண்டாம். அது இரத்தக் கசிவைக் கூட்டும். ஆனால் இதய நோய்க்காக மருத்துவர் தந்த ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. எந்த மாத்திரையையும் பொடித்து ஈறில் வைக்காதீர்கள், ஈறு வெந்துபோகும்.

இளஞ்சூடான ஒரு குவளை நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, உணவுக்குப் பின் வாயில் வைத்துத் தலையை இருபுறமும் சாய்த்துவிட்டு, நீர் தானாக வழியும்படி விடுங்கள். வேகமாகக் கொப்பளிப்பது, காறித் துப்புவது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது ஆகியவை உறைவைப் பெயர்த்துவிடக்கூடும். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கவே கூடாது என்று சொல்வதும் இதற்காகத்தான். புகைப்பழக்கம் இருந்தால் புண் ஆறும்வரை விட்டுவிடுவதே நல்லது. மற்றப் பற்களை வழக்கம்போல் துலக்குங்கள். பல் எடுத்த பக்கம் வலிக்கிறதென்று துலக்காமலே விடுவது ஈறு வீங்குவதற்குத்தான் வழி.

எச்சிலில் இளஞ்சிவப்பாக இரத்தம் கலந்து வருவதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் மடித்த சுத்தமான துணியை 30 நிமிடம் இடைவிடாமல் கடித்திருந்தும் இரத்தம் நிற்காவிட்டாலோ, மூன்றாம் நாளுக்குப் பிறகும் வீக்கம் வளர்ந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, உதட்டின் மரமரப்பு மறுநாளும் நீங்காவிட்டாலோ மருத்துவரை அழையுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாயைத் திறக்க முடியாமை, நாக்கின் அடியிலோ கழுத்திலோ பரவும் வீக்கம் ஆகியவை ஏற்பட்டால் பல் மருத்துவமனைக்கு நேரம் கேட்டுக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே செல்ல வேண்டும்.

இனி, பக்கத்துப் பல். ஒரு பல்லை எடுக்கும்போது அடுத்த பல்லின் வேர்ப்பகுதி சிறிது வெளிப்பட்டுச் சில வாரங்கள் கூசுவது உண்டு. குளிர்ச்சி நீங்கியவுடன் கூச்சமும் நின்றுவிட்டால், நரம்பு நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். சொத்தை இருந்தாலும் அடைத்துவிடலாம். குளிர்ந்த நீரை விழுங்கிய பிறகும் நிமிடக்கணக்கில் வலி நீடித்தாலோ, தானாகவே தொடங்கி இரவில் எழுப்பினாலோ, நரம்பு கெட்டிருக்கலாம். அப்போதும், கெட்ட நரம்பை நீக்கி வேரை அடைக்கும் ரூட் கெனால் சிகிச்சையால் பெரும்பாலும் பல்லைக் காப்பாற்ற முடியும். பல் போன இடத்தை வெறுமையாக விட்டால், நாளடைவில் பக்கத்துப் பல் அதற்குள் சாய்வதும் எதிர்த்தாடைப் பல் நீண்டு இறங்குவதும் நேரக்கூடும் என்பதால், இன்னொன்றையும் எடுக்கும் யோசனையை இப்போதைக்குக் கைவிடுங்கள்.

ஈறு மூடச் சில வாரங்களும், உள்ளே எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். தாடையெலும்பில் பதிக்கும் செயற்கை வேரான இம்ப்ளான்ட் பொருத்துவதா, பக்கத்துப் பற்களைத் தாங்கலாகக் கொண்ட செயற்கைப் பல்லான பிரிட்ஜ் கட்டுவதா என்பதை அதற்கேற்ப மருத்துவரிடம் நிதானமாகப் பேசலாம். இன்று அவரைப் பார்க்கும்போது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ பெறுபவரா என்பதை அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். கூசும் பல்லையும் அப்போதே காட்டி, தேவையென்றால் எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.