முகம் கிடைக்காவிட்டாலும் படம் கிடைக்கும்

கேள்வி: ஜூன் கடைசியில் அலுவலக வேலையாக ஒசாகா போகிறேன். ஒரு மாலை மட்டும் கியோட்டோவுக்குப் போய், கெய்ஷாக்களைத் தெருவில் படம் எடுக்க ஆசை. அது மழைக்காலம் என்கிறார்களே, போவது வீண்தானா? பக்கத்தில் போய் எடுத்தால் கோபித்துக்கொள்வார்களா? என்னிடம் ஒரு மிரர்லெஸ் கேமராவும் 35, 85 மி.மீ. லென்ஸ்களும் இருக்கின்றன.
– வாசகர், கோவை

பதில்: முதலில் இரண்டாவது கேள்வி. பக்கத்தில் போகாதீர்கள். மாலை ஐந்தரை, ஆறு மணிக்கு கியோன் பகுதியில் நீங்கள் பார்க்கப்போகும் கெய்க்கோவும் (ஆடல், பாடலால் விருந்தினரை மகிழ்விக்கும் கலைஞரான கெய்ஷாவை கியோட்டோவில் அப்படித்தான் சொல்வார்கள்) பயிற்சியில் இருக்கும் மைக்கோவும் விருந்துக்கு நேரமாகிவிட்டதே என்று வேலைக்கு ஓடுகிறவர்கள். அவர்களை வழிமறித்து, கிமோனோ கையைப் பிடித்து இழுத்துப் படம் எடுத்த சுற்றுலாக்காரர்களால் ஊர்க்காரர்கள் வெறுத்துப்போயிருக்கிறார்கள். தனியார் சந்துகளில் படம் எடுக்கத் தடை, மீறினால் 10,000 யென் அபராதம் என்று 2019-லேயே பலகை வைத்தார்கள். 2024-ல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் வரவே கூடாது என்றாகிவிட்டது. நடுவில் போகும் ஹனாமிகோஜி தெரு பொதுவழி. அங்கே நடக்கலாம், நிற்கலாம். பலகை தொங்கும் சந்துக்குள் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: பட்டப்பகலில் கியோமிஸு கோயில் பக்கம் முழு ஒப்பனையோடு நிதானமாக போஸ் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் வேஷம் கட்டிக்கொண்ட சுற்றுலாப் பயணிகள். அசல் ஆட்கள் நிற்க மாட்டார்கள். வேகமாக நடப்பார்கள், இல்லாவிட்டால் டாக்ஸியில் வந்து இறங்கி நேரே உள்ளே போய்விடுவார்கள்.

சரி, மழை. வீண் இல்லை. எனக்குக் கேட்டால் வெயில் நாளைவிட மழை நாள்தான் தேவலை. கூட்டம் பாதியாகிவிடும், கற்கள் பாவிய தெரு நனைந்து விளக்கொளியைத் திருப்பித் தரும். ஆனால் பட்டு கிமோனோவின் பூவேலையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மழையில் அதன்மேல் நீளமான மழைக்கோட்டு ஏறிவிடும். மைக்கோவின் முதுகில் கணுக்கால் வரை தொங்கும் இடுப்புப்பட்டையும் அதற்குள் போய்விடும். எண்ணெய் பூசிய காகிதக் குடை, வெள்ளைப் பூச்சுக்கு நடுவே பிடரியில் பூசாமல் விட்ட இரண்டு கீற்றுகள், கொண்டையில் ஆடும் பூச்சரம், இவ்வளவுதான் வெளியே தெரியும். அதனால் முகத்தைத் துரத்துவதை விட்டுவிட்டுத் தெருவைப் படம் எடுங்கள். பின்னணியில் ஒரு காகித விளக்கு, ஈரம் மின்னும் தரை என்று படத்தின் சட்டத்தை (ஃபிரேமை) முதலிலேயே கட்டிவிட்டு ஓரமாகக் காத்திருங்கள். கியோனில் விளக்கின்மேல் கோத்த உருண்டைகள் சின்னமாக இருக்கும், இன்னொரு கெய்க்கோ பகுதியான பொன்டோச்சோவில் ஒரு சின்னப் பறவை. அந்தச் சட்டத்துக்குள் குடை தானாக நடந்து வரும், நம் தரப்பிலிருந்து ஒரு அடி எடுத்துவைக்க வேண்டியதில்லை. வராமலும் போகலாம், அன்றைக்குத் தெருவை மட்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான்.

லென்ஸ் விஷயத்தில், ஹனாமிகோஜிக்கு 85. பொன்டோச்சோ இரண்டு குடை உரசிக்கொள்ளும் அளவுக்குக் குறுகல், அங்கே 35. ஜூனில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் மறையும், அதனால் ஆறு மணிக்கு வெளிச்சம் பற்றிய கவலை இல்லை. நடக்கிறவர் கலங்காமல் இருக்க ஷட்டர் 1/250 வினாடி. இருட்டியபின் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்திறனை) 3200, 6400 வரை தாராளமாக ஏற்றுங்கள், கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குடிமுழுகிவிடாது. கறுத்த மரவீடுகளைப் பார்த்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளை பூசிய முகம் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறிப்போகும். எக்ஸ்போஷரை முக்கால், ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். மழைத்தாரை தெரிய வேண்டுமா? எதிரே விளக்கு இருக்கும்படி நின்று 1/60-க்கு இறங்கிப் பாருங்கள். ஃபிளாஷ் கூடவே கூடாது. அவர்களுக்குத் தொல்லை என்பது ஒருபுறம், பக்கத்துத் துளிகளெல்லாம் வெள்ளை வெள்ளையாக வீங்கிப் படமும் கெடும்.

கேமராவுக்குப் பெரிய மழையுறை வாங்க வேண்டாம். ஹோட்டல் குளியலறையில் தருகிற ஷவர் கேப் போதும், லென்ஸ் ஹூடைக் கழற்றாதீர்கள். கடைகளில் கிடைக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குடை ஒன்று வாங்குங்கள், வெளிச்சத்தை மறைக்காது. ஏசி ரயிலிலிருந்து இறங்கியதும் லென்ஸ் பனிபூத்துவிடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் எடுங்கள். ஒசாகாவிலிருந்து கெய்ஹான் ரயில் நேரே கியோன்-ஷிஜோ நிலையத்துக்கே வரும், ஐந்து மணிக்கெல்லாம் இறங்கிவிட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்கும்.

முகத்தைப் பார்த்து எடுத்தே தீர வேண்டும் என்றால் ஹோட்டலில் சொல்லி, மைக்கோவோடு சந்திப்பு ஏற்பாடு செய்கிறவர்களிடம் பணம் கட்டிப் போங்கள். எடுக்கலாமா, எதுவரை எடுக்கலாம் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை பிப்ரவரியில் பயணம் வாய்த்தால், 25-ஆம் தேதி கிதானோ தென்மாங்கு கோயிலுக்குப் போங்கள். பிளம் பூக்கும் வளாகத்தில், திறந்த வெளியில் கமிஷிச்சிகென் பகுதி கெய்க்கோக்களும் மைக்கோக்களும் வருகிறவர்களுக்குத் தேநீர் கொடுப்பார்கள்.