கார் மைலேஜ்: நாம் நம்பும் எண்ணும் உண்மையில் கிடைப்பதும் ஏன் ஒத்துப்போவதில்லை?

மைலேஜ் என்பது ஒரு லிட்டர் எரிபொருளில் கார் ஓடும் தூரம். "என் கார் 20 கொடுக்கிறது" என்பவர் கணக்குப் போட்டால் பெரும்பாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும். காலியான நெடுஞ்சாலையில் டிஸ்பிளே காட்டிய எண் மனதில் ஒட்டிக்கொள்கிறது; சிக்னலில் நின்றபடி எரிந்ததும், இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துபோகும் குட்டிப் பயணங்களும் மறந்துவிடுகின்றன. நல்ல மார்க்கை மட்டும் வீட்டில் சொல்லும் பையன் மாதிரி!

சரி, எப்படி அளப்பது? டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். அடுத்த முறையும், பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய தூரம் 480 கிலோமீட்டர், போட்டது 32 லிட்டர் என்றால் மைலேஜ் 15. ஒரே நிரப்பலை நம்பாமல் மூன்று நான்கைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

அப்புறம், கம்பெனி சொல்லும் எண் பச்சைப் பொய் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஆய்வகத்தில் உருளைகள்மேல் ஓட்டி அளந்தது, ஒரு காரை இன்னொன்றோடு ஒப்பிடத்தான் உதவும்.