உதிரிபாகத் தயாரிப்பில் பழுதைக் குறைத்தல்: கேள்வி பதில்

கேள்வி (ஓசூர்): ஐயா, நாங்கள் தயாரிக்கும் தண்டுகளை ஒன்றுவிடாமல் சோதித்தே அனுப்புகிறோம். ஆயினும் ரிஜெக்‌ஷன் வருகிறது. இன்னும் இரண்டு இன்ஸ்பெக்டர்களை அமர்த்தலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அளவீட்டைச் சந்தேகியுங்கள். பத்துத் தண்டுகளை மூன்று பேர், முந்தைய அளவு தெரியாத நிலையில், தலா மூன்று முறை அளக்கட்டும். அளவீட்டினால் மட்டும் எழும் வேறுபாடு டாலரன்ஸில் (டிராயிங் அனுமதிக்கும் அளவு வேறுபாட்டில்) 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் நன்று. 30 விழுக்காட்டைத் தாண்டினால், நல்லதையும் கெட்டதையும் அந்த அளவீட்டால் பிரிக்க இயலாது. எத்தனை பேரை அமர்த்தினாலும் சம்பளச் செலவுதான் கூடும்.

கேள்வி (அம்பத்தூர்): எஸ்பிசி சார்ட்டில் (தயாரிப்பின்போது எடுக்கும் அளவுகளைப் புள்ளிகளாகக் குறித்துக் கண்காணிக்கும் வரைபடத்தில்) எல்லாப் புள்ளிகளும் எல்லைக்குள்தான் இருக்கின்றன. பிறகு பழுது எப்படி வருகிறது?

பதில்: பலரும் இடறும் இடம் இது. சார்ட்டிலுள்ள கட்டுப்பாட்டு எல்லை, இயந்திரத்தின் இயல்பான அலைவிலிருந்து கணக்கிடப்படுவது. டிராயிங்கில் உள்ள டாலரன்ஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. விட்டம் 20.00 மி.மீ., டாலரன்ஸ் கூட்டல் கழித்தல் 0.02 என்று கொள்வோம். திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 0.005 ஆக இருந்து, சராசரி 20.01இல் நின்றால், சார்ட் அமைதியாகவே இருக்கும். ஆனால் சிபிகே (டாலரன்ஸுக்குள் தயாரிக்கும் திறனைக் காட்டும் எண்; கூடினால் நல்லது) 0.67தான், ஆயிரத்துக்கு ஏறத்தாழ 23 தண்டுகள் மேல் எல்லையைத் தாண்டும். டூல் ஆஃப்செட்டை (வெட்டும் கருவியின் நிலை அமைப்பை) திருத்திச் சராசரியை 20.00க்குக் கொண்டுவந்தால், அதே இயந்திரத்தில் சிபிகே 1.33 ஆகிப் பழுது பத்து லட்சத்துக்கு 60 சொச்சமாகக் குறையும். ஆனால் ஒவ்வொரு தண்டின் அளவைப் பார்த்தும் ஆஃப்செட்டைத் திருகிக்கொண்டே இருந்தால் அலைவு கூடிவிடும். நல்ல ஆபரேட்டர்களும் அக்கறை மிகுதியால் செய்யும் தவறு அது.

கேள்வி (கோவை): அலுமினிய டை காஸ்டிங்கில் (உருகிய உலோகத்தை அழுத்தத்தோடு ‘டை’ எனும் அச்சில் செலுத்தி வார்ப்பதில்), மெஷினிங்கிற்குப் பிறகு துளைகள் தெரிகின்றன. டை சூட்டைக் குறைத்தால் போதுமா?

பதில்: துளையை வெட்டி, லென்ஸ் வைத்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். உட்சுவர் வழவழப்பாக, உருண்டையாக இருந்தால் சிக்கிய வாயு. காற்றுப் போக்கி அடைப்பு, உருகிய உலோகத்தைத் தள்ளும் பிளஞ்சரின் வேகம், அச்சில் அளவுக்கு மீறித் தெளிக்கும் டை ஸ்ப்ரே ஆகியவற்றைப் பாருங்கள். சொரசொரப்பாகக் கிழிந்ததுபோல் இருந்தால் சுருக்கம். தடித்த பகுதியின் குளிர்ச்சியையும் இறுதி அழுத்தத்தையும் கவனியுங்கள்.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர்): அசெம்பிளியில் ஸ்பிரிங் விடுபட்டுப்போகிறது. கேமரா வாங்க வசதியில்லை.

பதில்: 1961இல் ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற உற்பத்திப் பொறியாளர் இதே சிக்கலை ஒரு தட்டைக் கொண்டு தீர்த்தார். ஒரு சுவிட்சுக்குத் தேவையான இரண்டு ஸ்பிரிங்குகளையும் முதலில் தட்டில் எடுத்துவைக்கச் சொன்னார். பொருத்தி முடித்தபின் தட்டில் ஒன்று மிஞ்சினால் விடுபட்டது உடனே தெரிந்துவிடும். தட்டு காலியான பிறகே அடுத்த பாகத்தை எடுக்க வேண்டும் என்று விதியுங்கள்.