வீட்டுக்குப் பக்கத்துல துப்பாக்கிச் சத்தம் கேட்டா என்ன பண்றது?

ராத்திரில டப்பு டப்புன்னு கேக்குது, வெடியா துப்பாக்கியான்னே தெரியல, இந்த ஏரியால இருக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. சத்தத்த மட்டும் வெச்சு உறுதியா சொல்ல முடியாதுங்க, ஆனா வாணவெடின்னா பெரும்பாலும் மேல போற விசிலும் படபடன்னு பொரியற சத்தமும் சேர்ந்து வரும், துப்பாக்கின்னா சுருக்குனு வெட்டுன மாதிரி, பல நேரம் கிட்டத்தட்ட ஒரே இடைவெளில வரும். கட்டடங்கள்ல எதிரொலிச்சு திசையும் குழம்பிடும்.

தயவுசெஞ்சு பால்கனிக்குப் போய் எட்டிப் பாக்காதீங்க, நிறைய பேர் முதல்ல அதத்தான் செய்றாங்க. குனிஞ்சபடியே பிள்ளைங்கள கூட்டிட்டு ஜன்னல் இல்லாத உள்ரூமுக்குப் போங்க. மெல்லிசான ஜிப்சம் போர்டு சுவரு, மரக்கதவு, சோஃபா எதுவும் தோட்டாவ நிறுத்தாது, செங்கல் கான்க்ரீட் சுவர் எவ்வளவோ மேல். சத்தம் நின்ன உடனே வெளிய ஓடாதீங்க.

அப்புறம் போலீஸ் எமர்ஜென்சி நம்பருக்கு கூப்பிட்டு மணி என்ன, எத்தனை சத்தம், எந்தப் பக்கம், வண்டி கிளம்புற சத்தம் கேட்டுச்சான்னு சொல்லுங்க, வெடியா இருந்தாலும் பரவால்ல. வேற யாராவது சொல்லியிருப்பாங்கன்னு ஆளாளுக்கு விட்டுடறாங்க, அதுல ஒரு உயிரே போயிடலாம்.

ஏரியா மோசமான்னு ஒரு ராத்திரிய வெச்சு முடிவு பண்ணாதீங்க. தேதி, நேரம் குறிச்சு வைங்க, பக்கத்து வீட்டுக்காரங்க கிட்ட பேசுங்க. கதவு படார்னு சாத்தினாலே வாரக்கணக்குல உடம்பு தூக்கிப் போடுது, தூக்கம் வரலைன்னா ஒரு மனநல டாக்டர பாத்துடுங்க.