டேட்-எஃப்என்எஸ் 1-லேருந்து 4-க்கு நேரா தாவலாமா?

கேள்வி: பழைய ரியாக்ட் ப்ராஜெக்ட் ஒண்ணு கைக்கு வந்திருக்கு, அதுல தேதிகள கையாளுற ஜாவாஸ்க்ரிப்ட் லைப்ரரியான டேட்-எஃப்என்எஸ் 1.30 கெடக்கு. நேரா 4-க்கு ஏத்திடலாமா, இல்ல ஒவ்வொரு மேஜர் வெர்ஷனா போகணுமா?

ஒவ்வொண்ணா போங்க. மூணு படி இருக்கு, ஆனா உண்மையான வேலை முதல் படியிலதான், அதாவது 2019 ஆகஸ்ட்ல வந்த வெர்ஷன் 2. நேரா தாவினீங்கன்னா எந்த எரர் எந்த வெர்ஷன்னால வந்துச்சுன்னே பிரிச்சு பாக்க முடியாது.

2-ல எல்லாருக்கும் முதல்ல கண்ணுல படுறது, தேதிய எப்படி காட்டணும்னு சொல்ற ஃபார்மேட் எழுத்துதான் (டோக்கன்னு சொல்வாங்க). வருஷத்துக்கு கேப்பிடல் ஒய், தேதிக்கு கேப்பிடல் டி போட்டிருப்பீங்க, இப்ப ரெண்டுமே ஸ்மால் லெட்டர் ஆகணும், மாசத்துக்கு மட்டும் அதே கேப்பிடல் எம். மாத்தலன்னா ரேஞ்ச்எரர் அடிக்கும், அது நல்லதுதான், தப்பு எங்கன்னு உடனே தெரிஞ்சிடும். ஆனா சில பேர் அந்த எரர வாயடைக்க ஆப்ஷன்ல பழைய டோக்கன அனுமதிச்சிடுறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. புது அர்த்தத்துல கேப்பிடல் ஒய்ங்கறது வாரக் கணக்கு வருஷம் (அந்த வாரம் எந்த வருஷத்துல சேருதோ அது), டபுள் டி-ங்கறது வருஷத்துல எத்தனாவது நாள்ங்கறது. 2024 டிசம்பர் 30-ஐ அப்படி ஃபார்மேட் பண்ணா வருஷம் 2025-னும் தேதி 365-னும் வரும்.

சத்தம் போடுற தப்ப விட சத்தமில்லாத தப்புக்குதான் நான் பயப்படுவேன். வெர்ஷன் 1-ல தேதிய ஸ்ட்ரிங்காவே எந்த ஃபங்ஷனுக்கும் குடுக்கலாம், 2-ல குடுத்தா கன்சோல்ல ஒரு வார்னிங் மட்டும் போட்டுட்டு அத இன்வேலிட் டேட்னு (செல்லாத தேதின்னு) எடுத்துக்கும். ஃபார்மேட் பண்ணா எரர் வரும் சரி, ஆனா ஒரு தேதி இன்னொண்ணுக்கு அப்புறமா முன்னாடியான்னு பாக்கற இஸ்ஆஃப்டர், இஸ்பிஃபோர் எல்லாம் பேசாம ஃபால்ஸ்னு சொல்லிட்டு போயிடும். நான் பாத்த ஒரு ப்ராஜெக்ட்ல கூப்பன் எக்ஸ்பைரி செக் இப்படித்தான் எப்பவும் ஃபால்ஸ் ஆகி, காலாவதியான கூப்பன் எல்லாம் செல்லுபடி ஆயிட்டிருந்துச்சு. அதனால ஏபிஐ-லேருந்து வர்ற ஒவ்வொரு தேதியையும், ஸ்ட்ரிங்க நிஜ தேதியா மாத்துற பார்ஸ்ஐஎஸ்ஓ ஃபங்ஷன் வழியா அனுப்புங்க.

அதுக்கு பதிலா நியூ டேட்ல ஸ்ட்ரிங்க போட்டா போதாதான்னு தோணும். வெறும் தேதி மட்டும் இருக்கற ஸ்ட்ரிங்க நியூ டேட் யுடிசி (உலகப் பொது) நேரமா எடுத்துக்கும், பார்ஸ்ஐஎஸ்ஓ உள்ளூர் நேரமா எடுத்துக்கும். நம்ம ஊர்ல உக்காந்து டெஸ்ட் பண்ணா காலை அஞ்சரை மணி, தேதி அதேதான், ஒண்ணுமே தெரியாது, ஆனா நியூயார்க்ல பாக்கறவருக்கு பிறந்தநாள் ஒரு நாள் முன்னாடி காட்டும். டெஸ்ட் ஓட்டும்போது டைம்ஸோன் சொல்ற டிஇசட் என்விரான்மென்ட் வேரியபிள்ல நியூயார்க் போட்டு ஒரு தடவையும், கொல்கத்தா போட்டு ஒரு தடவையும் ஓட்டுங்க.

இன்னொரு பொறி: ரெண்டு தேதிக்கு நடுவுல உள்ள இடைவெளிய வார்த்தையில சொல்ற டிஸ்டன்ஸ்இன்வேர்ட்ஸ்ங்கறது ஃபார்மேட்டிஸ்டன்ஸ்னு பேர் மாறினதோட ஆர்க்யுமென்ட் வரிசையும் தலைகீழாயிடுச்சு. பேர மட்டும் ஃபைண்ட்-ரீப்ளேஸ் பண்ணிட்டு வரிசைய விட்டுட்டா, சஃபிக்ஸ் போட்ட எடத்துல "மூணு நாள் முன்னாடி"ங்கறது "இன்னும் மூணு நாள்ல"னு ஆயிடும்.

கோட் ரொம்ப பெருசா, ஒரே மூச்சுல முடியலையா? டேட்-எஃப்என்எஸ் டீமே அப்கிரேட்னு தனி பேக்கேஜ் குடுத்திருக்காங்க, அதுல லெகசிபார்ஸ், கன்வெர்ட்டோக்கன்ஸ்னு ரெண்டு ஃபங்ஷன் இருக்கு. பழைய ஸ்ட்ரிங்கையும் பழைய டோக்கனையும் அதுல சுத்தி வெச்சுட்டு ஃபைல் ஃபைலா மெதுவா மாத்திக்கலாம்.

மிச்ச ரெண்டு படி லேசு. 2023 டிசம்பர்ல வந்த 3-ல டீஃபால்ட் எக்ஸ்போர்ட் போயிடுச்சு, ஒவ்வொரு ஃபங்ஷனையும் தனித்தனி ஃபைல்லேருந்து எடுத்திருந்தா கர்லி பிராக்கெட் போடணும், லோகேல் (மொழி) ஃபைலுக்கும் இதேதான். 2024 செப்டம்பர்ல வந்த 4-ல பெரிய விஷயம் டைம்ஸோன் சப்போர்ட், உடையறது பெரும்பாலும் டைப்ஸ்க்ரிப்ட் டைப்புகள்ல மட்டும்தான். கடைசியா என்பிஎம் எல்எஸ் அடிச்சு பாருங்க, வேற ஏதாவது டேட்பிக்கர் பேக்கேஜ் பழைய வெர்ஷன உள்ள இழுத்துட்டு இருந்தா பண்டில்ல ரெண்டு காப்பி போகும், மொதல்ல அந்த பேக்கேஜ ஏத்துங்க.