துணிக்கடை என்றாலே தலைவலி, சிம்லாவுக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது?

கேள்வி: எனக்கு 51 வயது. கிருஷ்ணகிரியில் தபால் அலுவலகத்தில் வேலை. நவம்பர் கடைசியில் எல்.டி.சி. (அரசு ஊழியர்களுக்கான விடுமுறைப் பயணச் சலுகை) எடுத்து, அக்காவோடும் ஆபீஸ் தோழிகளோடும் டெல்லி, ஆக்ரா, அமிர்தசரஸ், சிம்லா என்று பத்து நாள் போகிறோம். ஆபீசுக்குச் சேலைதான் கட்டுவேன். வெளியூருக்கென்று இருக்கும் சுடிதார்கள் எல்லாம் பத்து வருஷத்துப் பழசு. புதிதாக வாங்கலாம் என்றால் துணிக்கடைக்குள் போனாலே எனக்கு மூச்சு முட்டுகிறது, அரை மணி நேரத்தில் எதையாவது வாங்கிக்கொண்டு ஓடிவந்துவிடுவேன். "போட்டோவில் நீ மட்டும் பழைய ஆல்பத்திலிருந்து வந்த மாதிரி இருப்பாய்" என்கிறாள் மகள். எந்தக் கடைக்குப் போனால் சீக்கிரம் வேலை முடியும்?
— வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: நீங்கள் நம்ம கட்சி. விற்பனைப் பெண் நாற்பது டாப்பை விரித்துப் போட்டுவிட்டு "இதையும் பாருங்கக்கா" என்று நிற்கும்போது, வெறும் கையோடு எழுந்து வர மனசு வராமல் எதையோ எடுத்துக்கொண்டு வந்து, அதை இரண்டு வருஷம் பீரோவில் மடித்தே வைத்திருப்பவள்தான் நானும். ட்ரையல் ரூம் விளக்கைப் பற்றி நான் பேசவே போவதில்லை.

எந்தக் கடை என்று கேட்கிறீர்கள். ரெடிமேட் கடைக்கே போகாதீர்கள், டெய்லரிடம் போங்கள்.

பத்து வருஷத்துப் பழசு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே, அதில் ஒன்று மட்டும் நிச்சயம் வேறு மாதிரி இருக்கும். போட்டிருப்பதே தெரியாது, கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்காது, உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் இழுத்துவிட வேண்டியிருக்காது. பீரோவைத் திறந்தால் கை தானாக அதைத்தான் எடுக்கும். சாயம் போயிருந்தாலும் பரவாயில்லை, அதுதான் உங்கள் அளவு டாப். ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம் இல்லையா, அதே மாதிரி இதைக் கொடுத்து "இதே மாதிரி மூன்று" என்று சொல்லுங்கள். கழுத்துக்குப் பைப்பிங், கைக்கு லேஸ் என்று அவர் ஆரம்பித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நாம் தைப்பது கல்யாணத்துக்கு இல்லை. ஒரே ஒரு மாற்றம் மட்டும் கேளுங்கள்: பக்கவாட்டில் பாக்கெட், போன் முழுதாக உள்ளே போகிற ஆழத்தில். எட்டு அங்குலமாவது வேண்டும். இது இல்லாமல் ரயில் நிலையத்தில் கைப்பையைத் துழாவிக்கொண்டு நிற்கிற கஷ்டம் எனக்குத் தெரியும்.

துணிக்கு எப்படியும் ஒரு தடவை கடைக்குப் போகத்தான் வேண்டும், ஆனால் மீட்டர் துணி விற்கிற கடையில் யாரும் உங்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்த மாட்டார்கள். டாப்புக்கு இரண்டரை மீட்டர், பேன்ட்டுக்கு இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் என்பது பொதுவான கணக்கு. துணியின் அகலத்தையும் உங்கள் உயரத்தையும் பொறுத்து இது மாறும், அதனால் டெய்லரிடம் கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பேன்ட் இரண்டு போதும், கறுப்பில் ஒன்று, கருநீலத்தில் ஒன்று, எந்த டாப் போட்டாலும் இரண்டில் ஒன்றோடு சேர்ந்துவிடும். டாப்புக்குக் காட்டனும் பாலியஸ்டரும் கலந்த துணி கேளுங்கள். சுத்தக் காட்டன்தான் உடம்புக்கு நல்லது என்று அக்கா சண்டைக்கு வருவார். நம்ம ஊர் வெயிலுக்கு அது சரி, ஆனால் அந்தக் குளிரில் ஹோட்டல் அறையில் துவைத்துப் போட்டால் கனமான காட்டன் மறுநாள் காலையிலும் ஈரமாகத்தான் இருக்கும். கலப்புத் துணி சீக்கிரம் காயும், சுருக்கமும் அவ்வளவு விழாது. ரேயான் வேண்டவே வேண்டாம். தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று மயக்கும், நனைந்தால் வலு குறையும், துவைத்தால் சுருங்கும். போன தடவை காசிக்குக் கிளம்பும்போது அவசரத்தில் ஒரு பெரிய கடையில் மூன்று ரேயான் டாப் வாங்கினேன், முதல் துவையலிலேயே முழங்கால் வரை இருந்தது இடுப்புக்கு ஏறிவிட்டது. எந்தத் துணியானாலும் தைப்பதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள், சுருங்குவதெல்லாம் அப்போதே சுருங்கட்டும்.

இதில் அவசரம் ஒன்று உண்டு. தீபாவளி நெருங்கிவிட்டால் எந்த டெய்லரும் கையில் சிக்க மாட்டார், "அடுத்த வாரம் வாங்கம்மா" என்பதே பதிலாக இருக்கும். இந்த மாதமே துணியைக் கொடுத்துவிடுங்கள்.

சேலையையும் விட்டுவிட வேண்டாம். பூனம் சேலை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், சுருட்டினால் கைப்பிடிக்குள் அடங்கும், அலசிப் போட்டால் சட்டென்று காய்ந்துவிடும், போட்டோவுக்கும் அது போதும். ஆக்ராவுக்கு அதைக் கட்டிக்கொண்டு போங்கள். (தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. டூர்க்காரர் போட்ட பட்டியலில் என்ன கிழமை என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.)

இனி குளிர். டெல்லியில் அந்தச் சமயம் பகல் வெயில் இதமாகத்தான் இருக்கும், இரவில் 10, 12 டிகிரிக்கு வந்துவிடும். சிம்லா கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இன்னும் இறங்கும். இதற்காக ஒரு தடித்த கோட்டை வாங்கி, பத்து நாளும் பெட்டியில் பாதி இடத்தை அதற்கே கொடுப்பது வீண். பனியன் கடையில் தெர்மல் இரண்டு செட் வாங்குங்கள், உடம்போடு ஒட்டி இருக்கவேண்டும், தொளதொளவென்று இருந்தால் பிரயோஜனம் இல்லை. அதன் மேல் டாப், டாப்பின் மேல் ஸ்வெட்டர், காற்று அடித்தால் அதற்கும் மேல் ஒரு ஜாக்கெட். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். பூனம் சேலை கட்டினாலும் பாவாடைக்குள் தெர்மல் பேன்ட் போட்டுக்கொள்ளலாம், வெளியே தெரியாது.

அந்த ஸ்வெட்டரையும் ஜாக்கெட்டையும் வாங்க வேண்டுமா என்ன? ஓசூரிலோ பெங்களூரிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு கிருஷ்ணகிரியில் உண்டா? அக்கா மகனோ தம்பி மகளோ அங்கே ஏதாவது கம்பெனியில் இருப்பார்கள், அவர்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு ஜாக்கெட் தொங்கும். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆம்பளைப் பிள்ளைகள் ஜாக்கெட் என்றால் இன்னும் நல்லது, பாக்கெட் நிறைய இருக்கும். சால்வை மட்டும் இங்கே எதுவும் எடுக்காதீர்கள். அமிர்தசரசிலும் சிம்லாவிலும் உங்கள் கூட்டம் எப்படியும் உங்களைச் சால்வைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய் உட்காரவைக்கும், அதற்கு உங்கள் சார்பாக நான் முன்கூட்டியே வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

அமிர்தசரஸ் பொற்கோயிலில் தலையை மூடிக்கொண்டுதான் போகவேண்டும், அதனால் வழுக்காத துப்பட்டா ஒன்று, காட்டனிலேயே இருக்கட்டும். செருப்பை விட்டுவிட்டு, வாசலில் தேங்கவிட்டிருக்கும் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போவீர்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து லேஸ் கட்டுகிற ஷூ வேண்டாம், காலை நுழைத்தால் போதும் என்கிற மாதிரி ஷூ வாங்குங்கள். சாக்ஸ் நான்கு ஜோடி. பேன்ட் கால் ரொம்பத் தொங்காமல் கணுக்காலோடு நிற்கும்படி தைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அந்த ஈரத்தோடு நாள் முழுக்கச் சுற்றவேண்டியிருக்கும்.

யாரும் எழுதிக் கேட்காத விஷயம் உள்ளாடை. பத்து வருஷத்துச் சுடிதாருக்குக் கீழே இருப்பதற்கு என்ன வயது என்று நான் கேட்கப்போவதில்லை. இப்போது போட்டிருப்பதில் நன்றாகப் பொருந்துகிற ஒன்றின் கம்பெனியையும் சைஸையும் பார்த்து அதையே ஆறு வாங்கிவிடுங்கள், போட்டுப் பார்க்கும் வேலையே இல்லை. பயணத்தில் நிஜமாகவே சுகம் தருவது இதுதான், போட்டோவில் விழாது, அவ்வளவுதான்.

ஆக மூன்று டாப், இரண்டு பேன்ட், ஒரு சேலை, இரண்டு தெர்மல், ராத்திரிக்கு ஒரு பழைய நைட்டி. பத்து நாளுக்கு இது போதுமா என்று அக்கா கேட்பார். போதும், நடுவில் இரண்டு தடவை துவைத்தால். குளியல் சோப்பே போதும். அலசிய துணியை நம்ம ஈரிழைத் துண்டில் வைத்துச் சுருட்டி, துண்டோடு சேர்த்துப் பிழியுங்கள், பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். டர்க்கி டவலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், அது காயவே ஒரு நாள் ஆகும். சிம்லா போவதற்கு முன் அமிர்தசரசிலேயே துவைத்து முடித்துவிடுங்கள். கால்காவிலிருந்து பொம்மை ரயிலில் போவதாக இருந்தால் 96 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் உட்காரவேண்டும், அன்றைக்கு இடுப்பு இறுக்காத பேன்ட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தைத்து வந்ததும் அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புது டாப், புது ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, பாக்கெட்டில் போனை வைத்துக்கொண்டு, உங்கள் ஊர் சையத் பாஷா மலை ஏறிப் பாருங்கள். அக்குள் பிடிக்கிறதா, பேன்ட் கால் தடுக்குகிறதா, ஷூ குதிகாலைக் கடிக்கிறதா என்று மேலே இருக்கிற கோட்டைக்குப் போய்ச் சேருவதற்குள் தெரிந்துவிடும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஏறுங்கள், பிரித்துத் தைக்க டெய்லருக்கு நாள் வேண்டும்.